பார்த்திருந்தோர்

திறமை இருந்தால் தடை ஏது? இப்படி ஒரு கேள்வியை வீசிவிட்டு, வாதம் முடிந்தது என்று எழுந்து போகிறவர்கள் பலர். மேடையிலே பேசுகிறார்கள், ஏடுகளிலே எழுதுகிறார்கள், பரிசளிப்பு விழாக்களிலே மாணவர்க்கு அறிவுரையாக வழங்குகிறார்கள். விஞ்ஞானத்துக்குச் சாதி இல்லை, இனம் இல்லை, ஆண் பெண் என்ற வேற்றுமை இல்லை. தராசுக்குத் தாட்சண்யம் உண்டா, வெப்பமானிக்கு விருப்பு வெறுப்பு உண்டா என்று கேட்கிறார்கள். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது.

தராசுக்குத் தாட்சண்யம் இல்லை, ஒப்புகிறோம். ஆனால் அந்தத் தராசு வைக்கப்பட்டுள்ள அறையின் திறவுகோல் எவர் இடுப்பிலே தொங்குகிறது? வெப்பமானி எவரையும் வெறுப்பதில்லை, உண்மை. ஆனால் அதனை எவர் கையிலே கொடுப்பது, எவர் கைக்கு எட்டாமல் வைப்பது என்று முடிவு செய்பவன் மனிதன். விஞ்ஞானம் பேதம் பார்ப்பதில்லை. விஞ்ஞானி பார்க்கிறான். முன்னதைச் சொல்லிப் பின்னதை மறைப்பது வாதமன்று, வசதி.

நம் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கும் விஞ்ஞானிகளின் வாழ்க்கை வரலாறுகளை எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே வார்ப்பு. எளிய குடியிலே பிறந்தார், இகழப்பட்டார், இரவு பகலாக உழைத்தார், இறுதியில் வென்றார். முற்றும். இகழப்பட்டார் என்றால், எவரால்? செயப்பாட்டு வினைக்குள்ளே எழுவாய் ஒளிந்துகொள்கிறது. வகுப்பறையில் இலக்கணம் நடத்தும் நமக்கு இந்த ஒளிவிடம் நன்கு தெரியும். இகழ்ந்தவர் பெயர் விடுபடுகிறது என்பது ஒரு குறை. அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. இகழ்ந்தவர் ஒருவர், இகழப்பட்டவர் ஒருவர். அதே அறையிலே அமர்ந்திருந்த மற்ற இருபது பேர் எங்கே? அவர்கள் கண் மூடியிருந்தனரா? காது அடைத்திருந்ததா? நாக்கு எங்கே போயிற்று? வரலாறு எழுதுவோர் அவர்களைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

அந்த இருபது பேரைப் பற்றியதுதான் இக்கட்டுரை. ஏனெனில், தோழர்களே, நம்மில் மேதைகளாகப் போகிறவர் சிலர். கொடுமைக்காரர்களாகப் போகிறவரும் சிலரே. மற்ற அனைவரும் வாழ்நாள் முழுவதும் வகிக்கப்போகும் பாத்திரம் அந்த இருபதில் ஒருவர் என்பதே.

தச்சுப்பட்டறையிலே ஓர் அறிவு

லீசே மைட்னர் 1878இல் வியன்னா நகரிலே பிறந்தவர். 1906இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத்திலே டாக்டர் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு பெர்லின் சென்றார். கதிரியக்க ஆராய்ச்சியில் இறங்கியிருந்த ஓட்டோ ஹான் என்ற இளம் இரசாயன அறிஞருக்குப் பௌதிகம் அறிந்த துணை தேவைப்பட்டது. மைட்னருக்குத் தேவைப்பட்டது ஓர் இடம். இடமோ எமில் ஃபிஷரின் ஆளுகையில் இருந்த இரசாயன நிலையம். ஃபிஷர் சாதாரண மனிதரல்லர். 1902இல் நோபல் பரிசு பெற்றவர். அவ்வளவு பெரியவர், தம் நிலையத்துக்குள் பெண்கள் நுழைவதை விரும்பவில்லை. பெண்களின் கூந்தல் தீப்பற்றிவிடும் என்று அஞ்சினார் என்பார்கள். அவர் முகத்திலே அடர்ந்த தாடி! தாடியைத் தொடாத தீ, கூந்தலை மட்டும் தேடிக்கொண்டு வரும் போலும்!

பேசிப் பார்த்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். நிலமட்டத்துக்குக் கீழே, தச்சுவேலைக்கென இருந்த ஓர் அறை மைட்னருக்கு ஒதுக்கப்பட்டது. நுழைவதற்குத் தனி வாயில். மாடியிலுள்ள ஆராய்ச்சிக்கூடங்களில் அவர் கால் வைத்தல் கூடாது. ஊதியம் கிடையாது. கட்டடத்திலே பெண்களுக்குக் கழிப்பறையும் கிடையாது. அதற்குத் தெருவிலிருந்த ஒரு விடுதியை நாடிச் செல்ல வேண்டும். தனி வாயில், தனி இடம், மேலே ஏறக் கூடாது! இந்தச் சொற்களை நம் நாட்டார்க்கு எவரும் விளக்கத் தேவையில்லை. ஊர் வேறு, காரணம் வேறு, கதவு ஒன்றேதான்.

இன்னொரு செய்தி. ஹானும் மைட்னரும் தெருவிலே சேர்ந்து நடந்து செல்வார்கள். நிலையத்து உதவியாளர்கள் எதிரே வருவார்கள். ஹானின் பெயரைச் சொல்லி வணக்கம் கூறிவிட்டுச் செல்வார்கள். நடப்பவர் இருவர், வணக்கம் ஒருவருக்கு! ஃபிஷர் போட்ட விதியிலே, தெருவில் வணக்கம் சொல்லக் கூடாது என்ற வாசகம் இல்லை. அதை அந்த இளைஞர்கள் தாமே எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். மேலிருப்பவன் ஒரு கதவை மூடினால், கீழிருப்பவர்கள் பத்து சன்னல்களை மூடுகிறார்கள். ஆதிக்கம் நிலைபெறுவது இவ்வாறுதான்.

1908இல் பிரஷ்ய அரசு, பெண்கள் பல்கலைக்கழகங்களில் முறையாகப் பயிலலாம் என ஆணையிட்டது. அதன் பிறகு ஃபிஷரின் நிலையமும் திறந்தது. பிற்காலத்தில் மைட்னரை ஆதரிப்பவராகவும் அவர் மாறினார். கூந்தலின் தன்மை மாறிவிடவில்லை. தீயின் தன்மையும் மாறிவிடவில்லை. மாறியது சட்டம். கருத்து முதலில் மாற வேண்டும், சட்டம் பிறகு வரட்டும் என்று ஓதுவோர் இதனைக் குறித்துக்கொள்வார்களாக.

மாக்ஸ் பிளாங்கையும் இங்கே நினைத்தல் வேண்டும். பெண்கள் உயர்கல்விக்கு ஏற்றவர்களா என்று 1897இல் ஜெர்மன் அறிஞர்களிடையே கருத்துக் கேட்டார்கள். பிளாங்க், எங்கோ ஓரிருவரைத் தவிர ஏற்றவர்களல்லர் என்ற பக்கம் நின்றார். அதே பிளாங்க் 1912இல் மைட்னரைத் தம் உதவியாளராக அமர்த்தினார். பிரஷ்யாவில் அப்பதவியை முதலிலே வகித்த பெண் அவரே. ஊதியம் என்ற ஒன்றை அங்கே அவர் கண்டதும் அப்போதுதான். எதிரே இருந்த சான்று, எண்ணத்தைத் திருத்தியது. பகுத்தறிவாளனுக்கு இது இழுக்கன்று, இலக்கணம்.

1917இல் கைசர் வில்ஹெல்ம் இரசாயன நிலையத்தின் பௌதிகப் பிரிவுக்கு மைட்னர் தலைவரானார். 1926இல் பெர்லின் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் பட்டம் வந்தது. தச்சுப்பட்டறையிலிருந்து பேராசிரியர் நாற்காலிவரை! நம் வரலாற்றாசிரியர்கள் இங்கே புத்தகத்தை மூடிவிடுவார்கள். திறமை வென்றது, சுபம் என்பார்கள். மூடாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டுவோம்.

ஒரு நிலையம், மூவகை மனிதர்

1933இல் இட்லர் ஆட்சி வந்தது. மைட்னர் யூதக் குடும்பத்திலே பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் உரிமையைப் பறித்தார்கள். ஆஸ்திரியக் குடிமகள் என்பதால் ஆராய்ச்சிப் பணி மட்டும் எஞ்சியது. 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவையே இட்லர் விழுங்கினார். அந்த நூலிழைப் பாதுகாப்பும் அறுந்தது.

அப்போது அந்த நிலையத்திலே இருந்த மனிதர்களைப் பாருங்கள். கர்ட் ஹெஸ் என்ற இரசாயன அறிஞர். நாஜிக் கட்சியின் தீவிர பக்தர். மைட்னர் அங்கே இருப்பது நிலையத்துக்கே ஆபத்து என்று கூவினார்; பின்னர் அவர் தப்பப் பார்க்கிறார் என்று மேலிடத்துக்குத் தெரிவிக்கவும் செய்தார். இவர் ஒரு வகை.

ஓட்டோ ஹான் நாஜி அல்லர், முப்பதாண்டு நண்பர். ஆயினும் நிலையத்துக்குப் பொருளுதவி தரும் சங்கத்தாரிடம் கலந்து பேசிவிட்டு வந்து, இனி நிலையத்துக்கு வரவேண்டா என்று மைட்னரிடம் சொன்னவர் அவர். அந்தச் சொல் மைட்னரை எவ்வளவு சுட்டது என்பதற்கு அவருடைய நாட்குறிப்பு சான்று. அதே ஹான்தான், தப்பிச் செல்லும் முன்னிரவு அவருக்குத் தம் வீட்டிலே இடம் தந்தார். எல்லையிலே காவலருக்குக் கையூட்டாகக் கொடுக்க நேர்ந்தால் உதவட்டும் என்று தம் தாயாரின் வைர மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்தார். அறைக்குள்ளே அன்பு, அரங்கத்திலே அடக்கம். இவர் இரண்டாம் வகை. உலகிலே பெரும்பான்மை இந்த வகைதான்.

மூன்றாம் வகைக்கு இருவரைச் சொல்லலாம். டிர்க் கோஸ்டர் என்பவர் ஹாலந்து நாட்டுப் பௌதிக அறிஞர். மைட்னருக்கு அவர் உறவினரல்லர், ஒரே நிலையத்தாரும் அல்லர்; சும்மா இருந்திருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. நண்பர்களுடன் சேர்ந்து பணம் திரட்டினார். தம் அரசிடம் நுழைவு அனுமதிக்கு மன்றாடினார். தாமே பெர்லினுக்குப் புகைவண்டி ஏறினார். 1938 ஜூலை 13ஆம் நாள், மைட்னரை உடன் அழைத்துக்கொண்டு எல்லையைக் கடந்தார். அறுபது வயதை நெருங்கிய அந்த அம்மையாரின் பையிலே இருந்தது பத்து மார்க்கு. முப்பது ஆண்டு உழைப்பு பின்னே நின்றுவிட்டது.

இன்னொருவர் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மான். அந்நிலையத்தின் இளம் உதவியாளர். இரசாயன அறிஞர் சங்கம் நாஜிகளின் பிடிக்குள் போனபோது, அதிலிருந்து விலகினார். விலகியவனுக்கு வேலை இல்லை என்பது அன்றைய நிலை. மைட்னரும் ஹானும் முயன்று அவருக்கு அரைச் சம்பளத்துக்கு ஓர் இடம் பிடித்துத் தந்தார்கள். போர்க்காலத்திலே, பிடிபட்டால் குடும்பமே அழியும் என்று தெரிந்தும், யூதப் பெண் ஒருவரைத் தம் வீட்டிலே மறைத்துக் காத்தார். சிறிய பதவி, அரைச் சம்பளம், முழு மனிதன்!

மேசையின்மீது ஒரு பெயர்ப்பலகை

1938 டிசம்பரிலே ஹானும் ஸ்ட்ராஸ்மானும் விந்தையான ஒன்றைக் கண்டனர். யுரேனியத்தை நியூட்ரான் கொண்டு தாக்கினால், அதன் எடையில் ஏறக்குறைய பாதியே உள்ள பேரியம் தோன்றுகிறது! இது எப்படி இயலும்? ஹான் சுவீடனில் இருந்த மைட்னருக்குக் கடிதம் எழுதினார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்த தம் சகோதரி மகன் ஓட்டோ ஃபிரிஷுடன், பனியிலே நடந்துகொண்டே மைட்னர் சிந்தித்தார். அணுவின் கரு ஒரு நீர்த்துளிபோல நீண்டு இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும்; பிளக்கும்போது ஏறத்தாழ 20 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிப்பட வேண்டும் என்று கணக்கிட்டார். அந்த விளக்கம் 1939 பிப்ரவரியில் ‘நேச்சர்’ ஏட்டிலே வெளிவந்தது. அணுப் பிளவு என்று உலகம் அறிந்தது அதனைத்தான். யுரேனிய ஆராய்ச்சியை 1934இலே தொடங்கிவைத்து ஹானை அதற்குள் இழுத்தவரும் மைட்னரே.

1944ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபல் பரிசு, 1945இல் அறிவிக்கப்பட்டது. பரிசு ஹானுக்கு; ஹானுக்கு மட்டும். சோதனையைக் கூடவே செய்த ஸ்ட்ராஸ்மானும் இல்லை, விளக்கம் தந்த மைட்னரும் இல்லை. நீல்ஸ் போர் போன்றோர் மைட்னரின் பெயரை முன்மொழிந்தனர். பயனில்லை. மியூனிக் நகரத்து ஜெர்மன் அருங்காட்சியகத்திலே, அந்தச் சோதனைக்கு உரிய கருவிகளை ஒரு மேசையின்மீது அடுக்கிக் காட்சிக்கு வைத்தார்கள். ‘ஓட்டோ ஹானின் வேலை மேசை’ என்று பெயர்ப்பலகை. பல்லாண்டுகள் பல்லாயிரம் பேர் அதனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அது மூவரின் மேசை என்று தெரிந்தவர்களும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். பலகை எழுதியவர் ஒருவர். படித்துவிட்டு நகர்ந்தவர் எத்தனை பேர்! ஆராய்ச்சிக் குழுவின் அறிவுத் தலைமை மைட்னருடையதே என்று பின்னாளிலே பளிச்சென்று சொன்னவர் யார் தெரியுமா? அரைச் சம்பள ஸ்ட்ராஸ்மான்! 1980களின் இறுதியில் எழுந்த கண்டனத்துக்குப் பிறகே அந்தப் பலகை திருந்தியது. 1997இல் 109ஆம் தனிமத்துக்கு மைட்னரின் பெயர் சூட்டப்பட்டது. அவர் 1968இலேயே மறைந்துவிட்டார்.

மைட்னர் 1945 ஜூனில் ஹானுக்கு ஒரு கடிதம் எழுதினார். அது போய்ச் சேரவில்லை. நீங்கள் எல்லாரும் அந்த ஆட்சிக்கு உழைத்தீர்கள், ஒரு சிறு எதிர்ப்புக்கும் முயலவில்லை. இங்கொருவர் அங்கொருவருக்கு உதவி மனச்சான்றை ஆற்றிக்கொண்டீர்கள் என்பது அதன் சாரம். 1933இலேயே வெளியேறாமல் தானும் தங்கியது தவறு என்று தம்மையும் அவர் விட்டுவைக்கவில்லை. மோதிரம் தந்த நண்பருக்கு இத்தனை கடுமையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். நாம் சுளிக்கமாட்டோம். மறைவிலே செய்யும் உதவி ஓர் உயிரைக் காக்கும். அதனை எவரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் வெளியிலே காக்கப்படும் மௌனம், அடுத்த உயிரைப் பறிப்பவனுக்கு இசைவாக அமையும். முன்னது பின்னதற்கு ஈடாகாது. இந்தக் கணக்கைத்தான் அந்தக் கடிதம் போட்டது.

பெங்களூரும் கிண்டியும்

அது ஜெர்மனி, அது இட்லர் காலம் என்று நாம் ஆறுதல் அடையலாமா? 1933இலே நம் பெங்களூரில் என்ன நடந்தது? பம்பாய்ப் பல்கலைக்கழகத்திலே முதன்மையாகத் தேறிய கமலா பாக்வத் என்ற மாணவி, இந்திய விஞ்ஞான நிலையத்தில் ஆராய்ச்சி செய்ய விண்ணப்பித்தார். பின்னாளிலே கமலா சொகோனி என்று அறியப்பட்டவர் அவர். இயக்குநர் சர் சி. வி. ராமன், திருச்சியிலே பிறந்தவர், 1930இல் நோபல் பரிசு பெற்றவர், தமிழர் பெருமையாக நாம் எடுத்துரைப்பவர். பெண் என்ற காரணத்தால் அவர் இடம் மறுத்தார்! மாணவி விடவில்லை, காந்தியார் காட்டிய சத்தியாக்கிரக வழியிலே இயக்குநரின் அலுவலகத்திலேயே நின்று போராடினார். இடம் கிடைத்தது, நிபந்தனைகளோடு: முதலாண்டு முறையான மாணவி என்ற தகுதி இல்லை, வேலையின் தரம் இயக்குநருக்கு மனநிறைவு தர வேண்டும், ஆண் ஆராய்ச்சியாளர்களின் கவனம் கலையக் கூடாது. கவனம் கலைவது ஆண்களுக்கு, தண்டனை பெண்ணுக்கு! ஓராண்டு கழிந்தது. ராமன் அவருடைய உழைப்பை ஏற்றார். 1939இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது.

ராமனின் பெருமையைக் குறைப்பதற்காக இதனைச் சொல்லவில்லை. ஒளியின் சிதறலை அவர் கண்டது உண்மை. ஒரு பெண்ணின் தகுதியைக் காண மறுத்ததும் உண்மை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவதுதான் வரலாறு. ஒன்றை எழுதி ஒன்றை மறைப்பது புராணம்.

இன்னொரு பக்கம் கிண்டி பொறியியல் கல்லூரி. அய்யலசோமயாஜுலு லலிதா என்ற பெண். பதினைந்து வயதில் மணம், பதினெட்டு வயதில் கைம்மை, கையிலே சில மாதக் குழந்தை. அந்நாளைய வழக்கம் அவருக்கு எழுதிவைத்திருந்த விதி என்ன என்பதைத் தமிழ் நாட்டார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. தந்தையார் பப்பு சுப்பாராவ் அக்கல்லூரியிலேயே மின்பொறியியல் பேராசிரியர். மகளை மூலையிலே அமர்த்தாமல், பெண்களே பயின்றிராத அந்தக் கல்லூரியில் சேர்க்க முனைந்தார். முதல்வர் கே. சி. சாக்கோ இசைந்தார், கல்வித்துறை இயக்குநர் ஸ்டாதம் ஒப்புதல் தந்தார். 1940இல் லலிதா மின்பொறியியலில் சேர்ந்தார். நூற்றுக்கணக்கான ஆண்களிடையே ஒரே ஒரு பெண்! தந்தையார் அத்தோடு நின்றுவிடவில்லை. பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் செய்யவைத்தார். லீலம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்ற இருவர் வந்து கட்டடப் பொறியியலில் சேர்ந்தனர். பட்டச் சான்றிதழ் அச்சடித்தவர்கள் ‘அவன்’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லை மட்டுமே அச்சிட்டு வைத்திருந்தார்கள். அதனை அடித்து, ‘அவள்’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். திரேசியா பின்னர் கேரள மாநிலத்தின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார்.

இங்கே கவனிக்கத்தக்கது எது? பெங்களூரிலே, தடை செய்தவரிடமே தனியொருத்தி போராட வேண்டியிருந்தது. கிண்டியிலே, மறுப்பதற்கு அதிகாரம் படைத்த இருவர், மறுக்கவில்லை. ஒரு கையொப்பம், பிறகு இன்னொரு கையொப்பம். அவ்வளவுதான். ஆனால் லலிதாவின் திறமை பற்றிப் பேசும் எவரும், அந்தக் கையொப்பங்கள் இல்லாவிடில் அத்திறமை எந்த அடுப்பங்கரையிலே புகைந்திருக்கும் என்பதையும் பேச வேண்டும்.

மேரி கியூரியின் கதையும் இதுவே. 1903ஆம் ஆண்டு நோபல் பரிசுக்குப் பிரெஞ்சு அறிஞர்கள் அனுப்பிய முன்மொழிவிலே பெக்கெரெல் பெயர் இருந்தது, கணவர் பியேரின் பெயர் இருந்தது, மேரியின் பெயர் இல்லை! சுவீடன் நாட்டுக் கணித அறிஞர் மிட்டாக் லெஃப்ளர் இதனை அறிந்தார், பேசாதிருக்கவில்லை, பியேருக்குத் தெரிவித்தார். மேரியும் சேர்த்துக் கருதப்பட வேண்டும் என்று பியேர் பதில் எழுதினார். பெயர் சேர்ந்தது. இரண்டு கடிதங்கள்! அவை இல்லையேல், ‘கணவருக்கு உதவிய மனைவி’ என்று நம் பாடநூல் ஒரு வரி எழுதி முடித்திருக்கும்.

புகை சூழ்ந்த அறை

நல்லவர்கள் ஏன் பேசாதிருக்கிறார்கள்? கோழைகள் என்று வைதுவிட்டுப் போவது எளிது. ஆராய்ந்து பார்த்தவர்கள் வேறு காரணம் கண்டார்கள். 1968இல் அமெரிக்க உளவியல் அறிஞர்களான லத்தானே, டார்லி என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டனர். மாணவர் ஓர் அறையிலே அமர்ந்து படிவம் நிரப்புகிறார். சுவரிலுள்ள துளை வழியே புகை வரத் தொடங்குகிறது. தனியே இருந்தவர்களில் 100க்கு 75 பேர் எழுந்து சென்று தெரிவித்தனர். அதே அறையில், புகையைக் கண்டும் காணாதவர்போல இருக்கும்படி ஏற்கெனவே சொல்லிவைக்கப்பட்ட இருவரை உடன் அமர்த்தினர். அப்போது எழுந்து சென்றவர் 10 பேரில் ஒருவர்! மற்றவர்கள் கண்ணைக் கசக்கினார்கள், இருமினார்கள், படிவத்தை நிரப்பிக்கொண்டே இருந்தார்கள்.

இதன் பொருள் என்ன? அவர் சும்மா இருக்கிறாரே, அப்படியானால் ஆபத்து இல்லை போலும் என்று இவர் நினைக்கிறார். இவர் சும்மா இருப்பதைப் பார்த்து அவரும் அப்படியே நினைக்கிறார். எல்லாரும் எல்லாரையும் பார்த்து வாய்மூடி இருக்க, அறை முழுதும் புகை. மனிதர் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்.

அநீதி வாளை உருவிக்கொண்டு வந்தால் எவரும் அடையாளம் காண்பர். ஆராய்ச்சிக்கூடத்திலே அது புகைபோல வருகிறது. 2012இலே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விஞ்ஞானப் பேராசிரியர் 127 பேரிடம், ஆராய்ச்சிக்கூட மேலாளர் பதவிக்கு வந்ததாக ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்தனர். எழுத்துக்கு எழுத்து ஒரே விண்ணப்பம். பாதிப் பேருக்கு ஜான் என்ற ஆண் பெயர், மீதிப் பேருக்கு ஜெனிஃபர் என்ற பெண் பெயர். ஜானுக்கு ஆண்டுச் சம்பளம் சராசரி 30,238 டாலர் தரலாம் என்றனர், ஜெனிஃபருக்கு 26,508. ஜானே திறமை மிக்கவன் என்றும் மதிப்பிட்டனர். இப்படிச் செய்தவர்களில் பெண் பேராசிரியர்களும் உண்டு. எவரும் சதி செய்யவில்லை. பழகிய கண் பழகிய வழியே பார்த்தது. திறமை இருந்தால் தடை ஏது என்று கேட்கிறவர்களுக்கு இதோ விடை: அங்கே தடை 3,730 டாலர்!

நம் நாட்டிலே புகைக்கு இன்னொரு நெடி உண்டு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவ நிலையத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எவ்வாறு நடத்தப்படுகிறார்கள் என்று ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு, 2007இல் அறிக்கை தந்தது. விடுதியிலே அம்மாணவர்கள் துன்புறுத்தப்பட்டுத் தனி இடங்களுக்கு ஒதுங்க நேர்ந்ததையும், ஆசிரியர்களும் பாகுபாடு காட்டியதையும் அது எடுத்துரைத்தது. உயிர் காக்கும் கல்வி பயிலும் இடத்திலே! ஒரு தட்டை விலக்கிவைக்க இரண்டு கைகள் போதும். அது நாள்தோறும் விலகியே இருப்பதற்கு ஒரு கூடம் முழுவதன் இசைவு வேண்டும்.

செய்யத்தக்கது

ஆகவே என்ன செய்வது? எல்லாரும் கோஸ்டராக முடியாது. புதிதாகப் பணியில் சேர்ந்தவன், கடனிலே படிக்கும் மாணவி, மேலதிகாரியின் ஒரு வரியிலே எதிர்காலம் தொங்கும் ஆராய்ச்சியாளன் ஆகியோரைப் பார்த்து, நெஞ்சை நிமிர்த்திப் பேசு என்று மேடையிலிருந்து முழங்குவது எளிது. நாம் அதைச் செய்யப்போவதில்லை. ஆனால் மௌனத்துக்கும் தியாகத்துக்கும் இடையே ஒன்றுமே இல்லை என்பது பொய். இடையிலே படிகள் பல உண்டு.

கூட்டத்திலே ஒருத்தி சொன்ன யோசனையை, சற்று நேரங்கழித்து ஒருவன் தன் யோசனையாக எடுத்துச் சொல்கிறான். “இதனை முதலில் சொன்னவர் அவர், அவரே விளக்கட்டும்” என்று கூற எத்தனை நொடி ஆகும்? நுழைவுத் தேர்விலே எத்தனையாவது இடம், எந்த ஒதுக்கீடு என்று விடுதியிலே ஒருவனைச் சூழ்ந்துகொண்டு விசாரிக்கிறார்கள். “தம்பி, வா, உன்னைத் தேடிக்கொண்டிருந்தேன்” என்று தோளிலே கை போட்டு அழைத்துச் செல்வதற்கு வீரம் வேண்டா, கால்கள் போதும். நேரே பேச இயலாத இடத்திலே, பேச இயன்ற ஒருவரிடம் சென்று சொல்லலாம். நடந்தது இன்னது, நாள் இது, இருந்தவர் இன்னார் என்று எழுதிவைக்கலாம். விசாரணை என்று வரும்போது, ஒருவரின் கண்ணீரை ஐயுறும் அதிகாரி, இருவரின் ஏட்டை ஐயுறத் தயங்குவார். ஒன்றுமே செய்ய இயலாமல் போயிற்றா? அன்று மாலை அவரிடம் சென்று, “நான் பார்த்தேன். அது முறையன்று. நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்கலாம். அவமானத்தைவிடக் கொடியது, அது எவர் கண்ணிலும் படவில்லை என்ற எண்ணம்.

அந்த வினாவின் பின்பாதி முதன்மையானது. அவர் விரும்பாத போரை அவர் பெயரால் தொடுத்து, அதிலே நாம் வீரப்பட்டம் சூட்டிக்கொள்வது உதவியாகாது. பாதிக்கப்பட்டவர் கதையிலே நாம் கதாநாயகனாக நுழைந்தால், அதுவும் இடத்தைப் பறிப்பதுதான்.

ஆசிரியர்களாகிய நமக்கு வேலை இன்னும் முன்னதாகவே தொடங்குகிறது. பள்ளிச் சோதனைச்சாலைகளைப் பாருங்கள். மாணவனும் மாணவியும் ஒரே குழுவிலே இருந்தால், பியூரெட்டைப் பிடிப்பவன் அவன். அளவுகளை எழுதிக்கொள்பவள் அவள். எவரும் ஆணையிடவில்லை. கையெழுத்து அழகாக இருக்கும் என்று காரணம் சொல்வார்கள். கருவி ஒரு கைக்குப் பழகுகிறது. எழுதுகோல் மறு கைக்குப் பழகுகிறது. பத்தாண்டு கழித்து, இயந்திரங்களிலே பெண்களுக்கு நாட்டமில்லை என்று அதே சமூகம் தீர்ப்புக் கூறுகிறது. அந்தக் குழுவிலே மூன்றாவதாக நிற்கும் மாணவன், “இந்தமுறை அவள் பிடிக்கட்டும், நான் எழுதுகிறேன்” என்று சொல்லப் பழகினால், அவன் பகுத்தறிவின் முதற்பாடத்தைக் கற்றுக்கொண்டான் எனலாம். அவன் சொல்லாதபோது சொல்ல வேண்டியது ஆசிரியரின் கடமை.

இவை எல்லாம் தனி மனிதர் செய்யத்தக்கவை. இவற்றோடு நின்றுவிட்டால், மைட்னரின் கடிதம் நம் வீட்டு வாயிலுக்கும் வரும். ஃபிஷரின் கதவு, நண்பர்களின் அன்பால் திறக்கவில்லை; சட்டத்தால் திறந்தது. மியூனிக் மேசையின் பலகை, மனத்துக்குள் வருந்தியவர்களால் மாறவில்லை. வெளிப்படையாகக் கண்டித்தவர்களால் மாறியது. ஆகவே தேர்வுக் குழுவிலே விண்ணப்பதாரரின் பெயரை மறைத்து மதிப்பிட வேண்டும் எனக் கேளுங்கள். முறையீட்டுக் குழு ஏட்டளவிலே இல்லாமல் உண்மையாக இயங்குகிறதா எனக் கேளுங்கள். ஆராய்ச்சிக் கட்டுரையிலே எவர் பெயர் விடுபட்டது, ஏன் விடுபட்டது எனக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் குறை கூறுபவன் என்பார்கள்; ஐவர் கேட்டால் பதில் தருவார்கள்.

விஞ்ஞானி வரலாறு எழுதுவோருக்கும் நம் வேண்டுகோள் ஒன்றுண்டு. இகழப்பட்டார் என்று எழுதுகையில், எவர் இகழ்ந்தார், எவர் பார்த்திருந்தார், எவர் எழுந்து நின்றார் என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். கோஸ்டரின் புகைவண்டிப் பயணமும், சாக்கோவின் கையொப்பமும், லெஃப்ளரின் கடிதமும் பாடமாகட்டும். மேதையாவது எப்படி என்று கற்பிக்க நம்மால் இயலாது. பக்கத்திலே இருப்பவனுக்காக வாய் திறப்பது எப்படி என்று கற்பிக்க இயலும்.

புகை வருகிறது, தோழர்களே. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று திரும்பிப் பார்க்க வேண்டா. அவர் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.